பத்துக்கு எத்தனை

அந்த வீட்டில் கதவு திறப்பதற்கு முன்னால் ரேடியோ கேட்கும். மூன்றாவது மாடி. லிஃப்ட் நின்று ஒரு வருடமாகிறது. தபாலக்கா ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் முழங்காலையும் பிடித்துக்கொண்டு ஏறுவாள். இரண்டாவது மாடி திரும்பும்போதே செய்தி வாசிக்கிற குரல் காதைத் துளைக்கும். படுத்த படுக்கையாக ஒரு மனிதர் இருக்கிற வீட்டில் இப்படியா அலற விடுவார்கள் என்று முதல் நாளே அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வீடு வாசப்படி என்று நினைத்துக்கொண்டு மீதிப் படிகளை ஏறினாள்.

தபாலக்கா என்பது மையத்தில் வைத்த பெயர். முப்பத்திரண்டு வருடம் தபால் நிலையக் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். "எந்த ஊர், எத்தனை கிராம், சாதாவா பதிவா?" இதற்கு மேல் யாரிடமும் ஒரு சொல் செலவழித்ததில்லை. வரிசை நீளமாக நிற்கும்போது கொஞ்சவா முடியும்? "என் கை பட்ட கடுதாசி ஒண்ணுகூட விலாசம் மாறிப் போனதில்ல" என்பதை மட்டும் யாரும் கேட்காமலே சொல்வாள். மையத்தில் அதைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துவிட்டது.

இனிமேல் குணமாக்க வழியில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் கைகழுவியவர்களை, அவரவர் வீட்டிலேயே வலியில்லாமல் பார்த்துக்கொள்ள உதவுகிற மையம் அது. நர்ஸ் சிஸ்டர் ஒருத்தி வண்டியில் வீடு வீடாகப் போய் மருந்து கொடுப்பாள். தொண்டர்கள் வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டு மணி நேரம் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டார் குளிக்கலாம், தூங்கலாம், கடைக்குப் போய்வரலாம், சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். போகிற நாளெல்லாம் வலி எவ்வளவு என்று நோயாளியைக் கேட்டு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை நோட்டில் எழுதி, சிஸ்டருக்கு போனில் சொல்லிவிட வேண்டும். கணவரும் போய், மகளும் கடல் தாண்டிப் போய், வீட்டில் கடிகாரத்தோடு பேசிக்கொண்டிருந்த தபாலக்காவுக்கு இந்த வேலை உயிர் கொடுத்தது.

மூன்று நாள் பயிற்சியில் சொன்னதில் இரண்டு வரிகளை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வலி என்பது நோயாளி சொல்வதுதான், அடுத்தவர் சொல்வதல்ல. குடும்பத்தாரின் பயத்தை நோயாளியின் வலியோடு போட்டுக் குழப்பக் கூடாது. இரண்டுமே நல்ல வரிகள்தான். அவற்றின் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

மூன்றாவது மாடிக்காரரை எல்லோரும் செக்கர் என்றே சொன்னார்கள். போல்ட் செய்கிற தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்து அனுப்புகிற வேலை பார்த்தவர். நோய் எலும்புக்குள் இறங்கியிருந்தது. கட்டில் பக்கத்து ஸ்டூலில் மாத்திரை அட்டைகளுக்கும் மருந்து பாட்டிலுக்கும் நடுவே கனமான ஓர் இரும்பு வளையம் இருந்தது. "என்னங்க ஐயா இது?" என்று தபாலக்கா முதல் நாள் கேட்டபோது, "அளவு வளையம். போல்ட்டு இதுக்குள்ள போனா நல்லது, போகலன்னா கழிவு" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்கு மட்டும்தான்.

அன்று சிஸ்டரும் கூட வந்திருந்தாள். வலி இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து என்று விரலை மடக்கிக் காட்டி நிதானமாக விளக்கினாள். செக்கர் கண்ணை மூடிக்கொண்டே, "பாதி" என்றார். சிஸ்டர் ஐந்து என்று எழுதி, அதற்கேற்ற மருந்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். இன்னொரு சிஸ்டர் பிரசவ விடுப்பில் இருந்ததால் இவள் தலையில் இரண்டு பேர் வேலை விழுந்திருந்தது. "இந்த வீட்டை நீங்க பாத்துக்குங்கக்கா. நம்பர் ஏறினா உடனே சொல்லுங்க, ஓடி வந்துடறேன்" என்று படியிறங்கும்போது தபாலக்காவின் கையைப் பிடித்துச் சொன்னாள். தபாலக்காவுக்குப் பெருமையில் முழங்கால் வலி மறந்துபோனது.

அடுத்த முறை அவள் தனியாகப் போனாள். விரல் மடக்கி விளக்குவதெல்லாம் சிஸ்டர் செய்தாயிற்று. செய்ததையே செய்வானேன் என்று நினைத்தாள். கவுன்ட்டர் பழக்கம் வேறு நாக்கிலேயே உட்கார்ந்திருந்தது.

"பத்துக்கு எத்தனைங்க ஐயா?"

செக்கர் கண்ணைத் திறந்து அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இவளுக்கு இந்தக் கேள்வி எப்படித் தெரியும் என்பதுபோல ஒரு பார்வை. பிறகு, "அஞ்சு" என்றார்.

இரண்டாவது வாரம் நாலு. மூன்றாவது வாரம் மூன்று. எண் ஒவ்வொன்றாக இறங்க இறங்க, "ரொம்ப நல்லதுங்க ஐயா" என்று தபாலக்கா மனசாரச் சொல்வாள். போனில் சிஸ்டரும் சந்தோஷப்பட்டாள். இவ்வளவு சீக்கிரம் மருந்து வேலை செய்கிற நோயாளி கிடைப்பது அபூர்வம் என்றாள்.

எண்கள் இறங்கின, ஆனால் அந்த அறையில் வேறு ஏதோ ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னல் திரை பகலிலும் மூடியே இருந்தது. செக்கரின் தலையணை ஓரம் வைத்திருந்த துண்டின் முனை நைந்து நூல் நூலாகத் தொங்கியது. வாரா வாரம் ரேடியோவின் சத்தம் கூடியது. ஒரு வெள்ளிக்கிழமை அதைக் குறைக்கலாம் என்று தபாலக்கா கையை நீட்டியபோது, அதுவரை அசையாமல் கிடந்த செக்கர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அவர் மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்து, "அத மட்டும் தொடாதீங்க" என்று இடையில் நின்றுகொண்டாள். அந்த அம்மாவின் கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. அதைப் பார்த்துத் தபாலக்காவுக்கு இரக்கம் வரவில்லை, பயம்தான் வந்தது. எதை மறைக்க இவ்வளவு சத்தம் என்று யோசித்தபடியே வீடு திரும்பினாள்.

தபாலக்கா வந்ததும் அறையை விட்டு வெளியே போய்விடுவாள் அந்த அம்மா. அதற்குத்தானே தொண்டர் வருவதே. ஆனால் மூன்றாவது வாரக் கடைசியில் போகாமல் வாசலில் தயங்கி நின்றாள்.

"ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லைங்க. எனக்கென்னமோ மருந்து பத்தலன்னு தோணுது."

"அப்படித்தாம்மா தோணும்" என்றாள் தபாலக்கா, பயிற்சியில் கேட்ட குரலிலேயே. "பாக்கற நமக்குத்தான் பயம் ஜாஸ்தி. அவரே தன் வாயால சொல்றாரு, கொறஞ்சுக்கிட்டு வருது. அவர் சொல்றதுதான் கணக்கு."

"அவரே சொன்னாரா?"

"வாரா வாரம் சொல்றாரு. நோட்ல எழுதியிருக்கேன்."

அந்த அம்மா நோட்டைப் பார்த்தாள், தபாலக்காவைப் பார்த்தாள். "படிச்சவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதில் மரியாதை எவ்வளவு, கசப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தபாலக்காவுக்கு நேரமில்லை. நோட்டில் 'குடும்பத்தார் பதற்றம்' என்று எழுதி அடியில் கோடு போட்டாள்.

நான்காவது வாரம் எண் இரண்டு. அவருக்கு மலச்சிக்கல் வேறு படுத்தியது. அந்த மருந்தின் குணம் அது. வலிதான் இவ்வளவு குறைந்துவிட்டதே, இரண்டு வேளை மருந்தைப் பாதியாக்கிப் பார்க்கலாம் என்றாள் சிஸ்டர். சொன்னபடி தபாலக்காவே பாட்டிலில் அளவுக் கோட்டை மாற்றி ஒட்டினாள். அவள் ஒட்டுவதைச் செக்கர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை போர்வையைச் சரிசெய்யும்போதுதான் அவரது இடது முன்கையைக் கண்டாள். பிறை பிறையாக நகம் பதிந்த தடங்கள். சில ஆறிக் கறுத்திருந்தன, சில புதுசு, ரத்தம் காயாதவை. அதே நேரம் அந்த அம்மா நகவெட்டியோடு உள்ளே வந்து, கணவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நகத்தை ஒட்ட வெட்டத் தொடங்கினாள். ரேடியோவில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். தபாலக்கா அந்த அம்மாவின் நகங்களை மட்டும் பார்த்தாள். நீளமாகத்தான் இருந்தன.

பிறகென்ன, ஒன்றும் ஒன்றும் இரண்டு. அலறுகிற ரேடியோ, மூடிய திரை, கையில் தடம், அவர் திருப்பிப் பிறாண்டாமல் இருக்க நகவெட்டி. முப்பத்திரண்டு வருடம் உறையின் மேலே எழுதியதைப் படித்தே ஊரை அறிந்தவள் அல்லவா. இதையும் அப்படியே படித்தாள். 

செக்கரின் மகன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஊருக்கெல்லாம் லிஃப்டை ஓட்டிவிட்டு, தன் அப்பா படுத்திருக்கிற கட்டடத்தில் படியேறி வருகிறவன். தபாலக்கா அவனைப் படிக்கட்டிலேயே மடக்கினாள்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. அப்பா கையில நகத் தடம் இருக்கு. வருஷக்கணக்கா பாத்துக்கறவங்களுக்குச் சலிப்பு வரும், கோபம் வரும், அது இயற்கை. அம்மாவைக் கொஞ்ச நாள் தள்ளியே இருக்கச் சொல்லுங்க."

"எங்கம்மாவா?" என்றான். கருவிப் பையைக் கீழே வைத்தான், மறுபடி தூக்கிக்கொண்டான். "எங்கம்மா அவர் கிழிச்ச கோட்டத் தாண்ட மாட்டாங்களே."

"நான் கண்ணால பாத்தேன் தம்பி."

தடத்தைத்தான் பார்த்தாள். நகம் யாருடையது என்று பார்க்கவில்லை. ஆனால் சொன்னது அப்படித்தான். அவனும் தூக்கம் கெட்டவன், அப்பாவைத் தூக்க முடியாமல் தவிக்கிறவன். சந்தேகம் விழுந்த இடத்தில் வேர்விட எத்தனை நேரமாகும்? அன்று முதல் அந்த அம்மா ஹாலில் படுத்தாள். மகன் இரண்டு வாரம் லீவு போட்டு, அறைக் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தான். செக்கர் உள்ளே ரேடியோவோடு தனியாகக் கிடந்தார். ஐந்தாவது வாரத்து எண் ஒன்று.

பார்த்தீர்களா, அந்த அம்மாவைப் பிரித்ததும் வலி இன்னும் இறங்கிவிட்டது என்று தபாலக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட தூக்கம் அன்று அவளுக்கு வந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. மகன் மருந்துக் கடைக்குப் போயிருந்தான். ஹாலில் அந்த அம்மா துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. தபாலக்கா அறைக்குள் போய் நோட்டைத் திறந்தாள். செக்கரின் முகம் சுருங்கிப் பல் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. வலது கை இரும்பு வளையத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"பத்துக்கு எத்தனைங்க ஐயா?"

உதடு அசைந்தது. ரேடியோ சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. காதை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"பூஜ்யம்."

தபாலக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வீடு ஏறி இறங்கியிருக்கிறாள், ஒருவர்கூடப் பூஜ்யம் சொன்னதில்லை. "பூஜ்யமா! ரொம்ப ரொம்ப நல்லதுங்க ஐயா!" என்றாள். அவள் கண்ணில் நிஜமாகவே நீர் கட்டியது.

செக்கர் அவளையே பார்த்தார். பிறகு, எங்கிருந்து வந்ததோ, வேலைத்தளத்தில் ஆளை ஏவுகிற கறாரான குரலில் சொன்னார்.

"பெட்டியத் தள்ளு."

தபாலக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் பஞ்சும் கையுறையும் வைத்த அட்டைப்பெட்டி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. காலால் அதை உள்ளே தள்ளினாள்.

"தள்ளிட்டேங்க ஐயா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு காதுப்பக்கம் இறங்கியது.

நல்ல சேதியை மனதில் பூட்டி வைத்துப் பழக்கமில்லாதவள் தபாலக்கா. ஹாலுக்கு வந்தாள். அந்த அம்மாவின் மேல் இருந்த கோபத்தைக்கூட அந்த நிமிஷம் மறந்துவிட்டிருந்தாள்.

"அம்மா, ஒரு நல்ல சேதி. அவருக்கு வலி பூஜ்யமாம்."

துண்டு மடித்த கை நின்றது. "யாரு சொன்னது?"

"அவரேதான். இப்பத்தான்."

"நீங்க என்ன கேட்டீங்க?"

"எப்பவும் கேக்கறதுதாம்மா. பத்துக்கு எத்தனைன்னு."

"அப்படியேவா? அதே வார்த்தையவா?"

"ஆமாம்மா. அதுல என்ன?"

அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தபாலக்காவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அது அவரோட கேள்விங்க. இருபத்தெட்டு வருஷம் ஃபேக்டரியில அவர ஒரு நாளைக்கு நூறு தடவ கேட்ட கேள்வி. பெட்டிக்குப் பத்து போல்ட்டு எடுத்து வளையத்துல விட்டுப் பாப்பாரு. பத்துக்கு எத்தனைம்பாங்க. பத்துல எத்தனை தேறும்னு அர்த்தம். எட்டுன்னா பெட்டி போகும். கொறஞ்சா..."

"கொறஞ்சா?"

"பெட்டியத் தள்ளுன்னுவாரு. மொத்தப் பெட்டியும் கழிவு."

தபாலக்காவின் கையில் நோட்டு திறந்தபடியே இருந்தது. ஐந்து, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு, பூஜ்யம். அவளுடைய உருண்டையான, அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி. விலாசம் மாறாமல் ஒரு சேதியைக்கூட அவள் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

"எங்கிட்டச் சொன்னாரு" என்றாள் அந்த அம்மா. "'நான் தேறல தேறலன்னு சொல்றேன், அந்தம்மா நல்லது நல்லதுங்குது, நான் சீக்கிரம் போறதுதான் நல்லதுன்னு சொல்லுதா?'ன்னு கேட்டாரு. நீங்க அவர் சாகணும்னுதான் வர்றீங்கன்னு நெனச்சேன். மருந்தக் கொறச்சீங்க. என்னையும் பிரிச்சீங்க."

"அந்த நகம்..." என்றாள் தபாலக்கா.

"அவர் நகம்தான். வலி தாங்காம தன் கையத் தானே பிறாண்டிக்கிறாரு. அதுக்குத்தான் ஒட்ட வெட்டினேன். நான் பக்கத்துல படுத்திருந்தவரைக்கும் ராத்திரியில என் கையப் பிடிச்சுக்குவாரு." புடவை முந்தானையை விலக்கிக் கையை நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அதே பிறைகள், ஆறிப்போனவை.

தபாலக்கா சிஸ்டருக்கு போன் போட்டாள். விஷயத்தைச் சொல்ல மூன்று முறை ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

"கொறச்சதுக்கு முன்னாடி என்ன அளவோ அத இப்பவே குடுங்கக்கா. அது பத்தாது. நான் ஊசியோட வர்றேன். ஆனா இப்ப ஊருக்கு அந்தக் கோடியில இருக்கேன், ஒன்றரை மணி நேரம் ஆகும்" என்றாள் சிஸ்டர். பிறகு, தயங்கி, "அக்கா, உங்க மத்த மூணு வீட்லயும் இப்படியேதான் கேட்டீங்களா?" என்று கேட்டாள்.

தபாலக்கா திறந்திருந்த நோட்டை மூடினாள். எல்லா வீட்டிலும் அப்படியேதான் கேட்டிருந்தாள்.

அந்த அம்மா மருந்தை ஊற்றினாள். செக்கரின் பல் கிட்டியிருந்தது. பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது. துடைத்துவிட்டு, அவர் விரல்களிலிருந்து இரும்பு வளையத்தை மெல்லப் பிரித்தெடுத்தாள். நாற்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க."

தபாலக்கா உட்கார்ந்தாள். அந்த அம்மா அவளுடைய வலது கையை எடுத்து, வளையம் இருந்த இடத்தில் வைத்தாள். செக்கரின் கை உடனே அதன் மேல் மூடிக்கொண்டது. நோயாளிக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று தபாலக்கா நினைத்திருக்கவில்லை.

"இந்த ரேடியோ யாருக்குன்னு நெனச்சீங்க? அவர்தான் வெக்கச் சொன்னாரு. சத்தம் வெளிய போகக் கூடாது, அக்கம்பக்கத்துல யாரும் பரிதாபப்படக் கூடாதுன்னு. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு. நானும் காப்பாத்தினேன்." ரேடியோவின் திருகில் கை வைத்தாள். "ஆறு வாரமா கேட்டுக்கிட்டே இருந்தீங்களே. இப்பக் கேளுங்க."

திருகினாள். செய்தி வாசித்தவர் பாதிச் சொல்லில் நின்றுபோனார்.

முதலில் மின்விசிறி மட்டும் கேட்டது. அதற்கப்புறம் அது கேட்டது. கிட்டிய பல்லுக்குள்ளிருந்து, மூச்சை விடும்போதெல்லாம், விடாமல் ஒரு முனகல். இத்தனை நாளும் படியேறி வரும்போது ரேடியோவுக்கு அடியில் இருந்ததும் இதுதான்.

தபாலக்கா எழுந்திருக்கப் பார்த்தாள். கையை விடவில்லை அவர். அந்த அம்மா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது. சிஸ்டர் வர இன்னும் ஒரு மணி இருபது நிமிடம் இருந்தது.